கதைக்கு முன்னால் ஒரு பாட்டு

அழுதபடி வரும் சின்னஞ்சிறுசுகளை வட்டமாக உட்காரவைத்துக் கதை கேட்கச் செய்வது எப்படி? பாட்டிமார்களுக்குத் தெரிந்த பதில்தான். அதைச் செய்ய அங்கன்வாடிப் பணியாளருக்கு அவகாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புதிதாகக் குழந்தைகள் சேரும் மாதத்தில் நாட்டின் எந்த அங்கன்வாடிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரே அறை. ஒரு மூலையில் எடை பார்க்கும் தராசு, இன்னொரு மூலையில் அடுப்பும் தானிய மூட்டையும். விரித்த பாயில் பதினைந்து, இருபது குழந்தைகள். ஒன்று அம்மா போன திசையைப் பார்த்துக் கதறுகிறது. அந்த அழுகை பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றிக்கொள்கிறது. மூன்றாவது, யாருடைய செருப்பையோ வாயில் வைத்து ருசி பார்க்கிறது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கிறது. உள்ளே வராது, வெளியேயும் போகாது. பணியாளர் படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு ஊரில் ஒரு ராஜா என்று தன் மொழியில் ஆரம்பிக்கிறார். யாரும் கேட்பதாயில்லை. குரலை உயர்த்துகிறார். அழுகையும் கூடவே உயர்கிறது.

அனுபவப்பட்டவர் என்றால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுவார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுவார். பிறகு பாட்டு. பெரிய பாட்டெல்லாம் இல்லை. நாலே வரி, மூன்றே ஸ்வரம். ஒவ்வொரு தடவை பாடும்போதும் அதில் ஒரு குழந்தையின் பெயர் வருகிறது. தன் பெயர் காதில் விழுந்ததும் அந்த முகம் திரும்புகிறது. அழுகை நின்றுவிடுவதில்லை, நடுநடுவே இடைவெளி விழுகிறது. ஐந்தாவது தடவையில் சில கைகள் தட்ட ஆரம்பிக்கின்றன. பத்தாவது தடவையில் பாட்டின் வேகம் குறைகிறது, குரல் இறங்குகிறது, கடைசி வரி கிட்டத்தட்ட ரகசியம் போல வருகிறது. ரகசியம் என்றால் யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்? அப்புறம்தான் கதை.

பார்க்கிறவர்களுக்கு இது நேரம் போக்குவதாகத் தெரியலாம். மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளில் பலருக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கூட்டமாக உட்கார்ந்து கதை கேட்பது இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைக்கு எத்தனை கடினமான காரியம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அது இதுவரை கேட்ட கதையெல்லாம் யாரோ ஒருவர் மடியில், அதற்காக மட்டுமே சொல்லப்பட்டவை. சோற்றுக் கவளத்துக்கு ஒரு வரியாக, பாதியில் எழுந்து ஓடினாலும் தப்பில்லாத கதைகள். இங்கேயோ ஓரிடத்தில் உட்கார வேண்டும். அறிமுகமில்லாத ஒருத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனின் முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. சொற்களைக் கோத்து மனசுக்குள் படமாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். அந்த வயதில் கவனம் ஓரிடத்தில் நிற்பதே சில நிமிடங்கள்தான்.

பாட்டு இத்தனையையும் கேட்பதில்லை. அர்த்தம் புரியாவிட்டாலும் அதில் சேர்ந்துகொள்ளலாம். நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டலாம். அதுவும் வேண்டாமென்றால் நிலைப்படியில் நின்றபடியே தலையை ஆட்டலாம். முக்கியமாக, நாளைக்கும் அதே பாட்டுத்தான். அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரிந்திருப்பதுதான், எதுவுமே தெரியாத இடத்துக்கு வந்துவிட்ட குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பிடிமானம்.

ஆராய்ச்சியாளர்களும் இதைத் தங்கள் வழியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 9 மாதம் வரையிலான 30 குழந்தைகளுக்குப் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவிலிருந்து போட்டுக் காட்டினார்கள். அம்மா பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பேச்சைக் கேட்ட குழந்தைகள் ஏறத்தாழ 4 நிமிடத்தில் சிணுங்க ஆரம்பித்தன. பாட்டு ஏறத்தாழ 9 நிமிடம் தாக்குப்பிடித்தது. பாடப்பட்டது குழந்தைகள் கேட்டே இராத துருக்கி மொழியில். அம்மாவின் குரலும் இல்லை, தெரிந்த சொல்லும் இல்லை. தாளமும் மெட்டும் மட்டுமே வேலை செய்தன.

அழுகையை அடக்குவது பாதிதான். வட்டத்தில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக்குவது மீதி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. இசைக்கேற்பக் குழந்தையைத் தூக்கி ஆட்டும்போது, எதிரே நிற்கும் பெண் சிலரிடம் அதே தாளத்தில் ஆடினார், சிலரிடம் தாளம் தப்பி ஆடினார். பிறகு அவர் தெரியாமல் நழுவவிட்டதுபோல ஒரு பொருளைக் கீழே போட்டார். தாளம் சேர்ந்து ஆடியவருக்குக் குழந்தைகள் அதிகம் எடுத்துக் கொடுத்தன. 2014-ல் வெளிவந்த முடிவு இது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் லைப்சிக் நகரில், சேர்ந்து பாடி ஆடிய 4 வயதுக் குழந்தைகள், இசையில்லாமல் அதே விளையாட்டை ஆடியவர்களைவிடக் கூட்டாளிக்கு உதவ முன்வந்ததைக் கண்டார்கள். பரமபதம் ஆடுவதற்கு முன் பாட்டுப் பாடிச் சாய்ந்தாடிய தலைமுறைக்கு இது செய்தியே அல்ல.

இந்தியாவில் இந்த வழியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள் வரிசையில் முதலில் நிற்பவர் கிஜுபாய் பத்தேக்கா. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, 1920-ல் குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கியவர். 'மீசை வைத்த அம்மா' என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். தமிழில் 'பகற்கனவு' என்று வந்திருக்கும் அவருடைய 'திவாஸ்வப்னா'வைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். நான்காம் வகுப்பை ஏற்கும் புது ஆசிரியர் முதல் நாள், மௌனமாக இருக்கும் விளையாட்டு ஒன்றைத் திட்டம் போட்டுக்கொண்டு போகிறார். வகுப்பு அல்லோலகல்லோலப்படுகிறது. திட்டம் பாழ். மறுநாள் அமைதி எதையும் கேட்காமல் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். அமைதி தானாக வருகிறது. அமைதியானால்தான் கதை என்று அதட்டும் எல்லா வகுப்பறைகளுக்கும் அது பதில். 9 வயதுக்குக் கதையே போதும். 2 வயதுக்கு அதற்கும் முன்னால் ஒரு படி வேண்டியிருக்கிறது.

அந்தப் படியின் அருமையை அறிந்தவர்கள், பாவ்நகரில் கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோதக்கும் அவருடைய சகா அனுதாய் வாகும். 1945-ல் மகாராஷ்டிரத்தின் கடற்கரை ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான மையத்தைத் தொடங்கினார்கள். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்து குழந்தைகள் வரவில்லை. எனவே பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. 'ஆங்கன்' என்றால் முற்றம்; 'அங்கன்வாடி' என்ற சொல் பிறந்தது அங்கேதான். 1957-ல் மையம் கோஸ்பாட் மலைக்கு மாறியபோது, மாடு மேய்க்கப் போகும் வார்லி பழங்குடிச் சிறுவர்களைத் தேடி மேய்ச்சல் வெளிக்கே பள்ளி நகர்ந்தது. மாண்டிசோரியின் விலையுயர்ந்த மரச் சாதனங்களுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை. கூடவே பாட்டும் கதையும். இவற்றை வாங்கக் காசு வேண்டியதில்லை, சுமக்க ஆளும் வேண்டியதில்லை.

1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள். பெயர் வந்து சேர்ந்துவிட்டது. முற்றத்துப் பாட்டும் எல்லா இடத்துக்கும் வந்ததா என்பது வேறு விஷயம்.

எந்தப் பாட்டு உதவும், எது உதவாது என்பதில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. வேகமான பாட்டு குழந்தையை விட்டுவிட்டு ஓடிவிடும். குழந்தையின் குரல் எட்டும் சுருதி பெரியவர்களுடையதைவிட உயரம். பணியாளர் தன் வசதிக்குக் கீழே பிடித்துப் பாடினால் குழந்தையால் சேர முடியாது. சேர்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் உடம்பு, அடுத்துக் கை, அப்புறம் வரியின் கடைசிச் சொல். முழு வரி வருவதற்கு வாரங்களாகும். விஷயம் தெரிந்தவர்கள் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் ஒரு கணம் நிறுத்துகிறார்கள். அந்தக் காலி இடத்தில் 'ம்மா' என்றோ 'ங்கா' என்றோ ஒரு மழலை வந்து விழுந்தால், அந்தக் குழந்தை வட்டத்துக்குள் வந்தாயிற்று என்று அர்த்தம். முதலில் எழுந்து குதிக்கும் பாட்டு, பிறகு உட்கார்ந்து கை தட்டும் பாட்டு, கடைசியில் விரல்களை மட்டும் அசைக்கும் பாட்டு என்று இறங்கு வரிசையில் போகிறவர்களும் உண்டு. விரலுக்கு வந்துவிட்டால் உடம்பு அடங்கிவிடுகிறது. உட்கார் என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

பெயர் வைத்துப் பாடுவதில் இன்னொரு லாபமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பத்து நாள் பாடியும் தன் பெயருக்குத் திரும்பாத குழந்தை, முகத்தைப் பார்க்கும்போது மட்டும் கை தட்டும் குழந்தை என்று ஒன்று இருந்தால் அதன் காதைப் பரிசோதிப்பது நல்லது. குழந்தைகளின் உடல்குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய 2013-ல் கொண்டுவரப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பாடுகிறவர் தினமும் அங்கே இருக்கிறார்.

பாட்டிலிருந்து கதைக்குத் தாவுவதுதான் சிக்கலான இடம். பாட்டு முடிந்து புத்தகத்தைத் திறப்பதற்குள் பாதி வட்டம் கலைந்துவிடும். நம் நாட்டுக் கதைசொல்லிகள் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள்: கதைக்குள்ளேயே பாட்டை வைத்துவிடுவது. தன் பெயரை மறந்துபோய்க் கன்றுக்குட்டியில் ஆரம்பித்துக் குதிரை வரை கேட்டுக்கொண்டு போகும் ஈயின் கதை தமிழ் வீடுகளில் பிரசித்தம். ஒவ்வொருவரிடம் போகும்போதும் கேள்வி ஒரு கண்ணி நீளும். அதைப் பேசுவதில்லை, ராகம் போட்டுத்தான் கேட்க வேண்டும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இதே ஜாதிக் கதை ஒன்று குருவியை வைத்துச் சொல்லப்படுகிறது. குருவியின் ஒரே பருப்பு மரத்தின் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மரத்தைப் பிளக்கச் சொன்னால் தச்சன் மறுக்கிறான். தச்சனைத் தண்டிக்க ராஜா மறுக்கிறார். ராணி, பாம்பு, தடி, நெருப்பு, தண்ணீர், யானை என்று எல்லோரும் கை விரிக்கிறார்கள். கடைசியில் எறும்பு சம்மதிக்கிறது. எறும்பைக் கண்டு யானை பயப்பட, சங்கிலி முழுவதும் தலைகீழாகத் திரும்பிப் பருப்பு கிடைக்கிறது. குருவியின் முறையீடு ஒவ்வொரு வாசலிலும் பாட்டாகவே வருகிறது. மூன்றாவது வாசலுக்குள் குழந்தைகள் பாட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு கதை சொல்கிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

1890களில் ரவீந்திரநாத் தாகூர் வங்காளத்து வீடுகளில் பெண்கள் பாடி வந்த சிறுவர் பாட்டுகளைத் தேடிச் சேகரித்தபோது அவற்றை மேகங்களுக்கு ஒப்பிட்டார். உருவம் நிலைக்காது, காரண காரியம் கிடையாது, ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பண்டிதர்களுக்குக் குறையாகத் தெரிந்த அந்தத் தாவல்தான் அந்த வயதுக் குழந்தைக்கு ஒத்துப்போகிற நடை.

குழந்தையின் வீட்டு மொழி ஒன்று, மையத்தின் மொழி வேறு என்கிற இடங்களில்தான் பாட்டின் உதவி முழுமையாகத் தெரிகிறது. கட்டுமானத் தளங்கள் அதற்கு உதாரணம். 1969-ல் தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், தொழிலாளர்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்து மீரா மகாதேவன் தொடங்கியது மொபைல் கிரெச்சஸ் அமைப்பு. சித்தாள் வேலைக்குப் பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். ஒரே பாயில் நாலைந்து மொழிக் குழந்தைகள் உட்காரக்கூடும். கட்டடம் எழும்பியதும் குடும்பம் வேறு தளத்துக்குப் போய்விடும். குழந்தைக்கு மறுபடியும் புது முகங்கள், புது அழுகை. 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை பார்க்கும் கட்டுமானத் தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றது 1996-ம் வருடச் சட்டம். சட்டம் அறையைத்தான் தர முடியும். போஜ்புரி மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையை இந்திக் கதைக்குள் இழுப்பதற்கு, அதன் அம்மாவிடம் ஒரு பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து பாடுகிற பணியாளர் வேண்டும். ஒடிஸாவின் பழங்குடி மாவட்டங்களில் அங்கன்வாடிகளுக்காக உருவான 'நுவா அருணிமா' திட்டம் இதையே அரசாங்க அளவில் செய்ய முயன்றது: குழந்தையின் மொழியிலேயே பாட்டும் கதையும், ஒடியா பிறகு. தாராவியில் மராத்தி அங்கன்வாடிக்குப் போகும் தமிழ்க் குழந்தைக்கும் இது பொருந்தும்.

நகரத்து நர்சரிகளில் கதையே வேறு. அங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை, பாட்டுக்குப் பெயர்தான் 'ரைம்ஸ்'. வரிசையாக நிற்கவைத்து, அபிநயத்துடன் ஒப்பிக்கவைத்து, விருந்தாளி வந்தால் சோபாவுக்கு முன்னால் நிறுத்தி மறுபடியும் ஒப்பிக்கவைத்து, பாட்டைப் பரீட்சையாக்கிவிட்டோம். நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று யஷ்பால் குழு 1993-லேயே சொல்லிவிட்டது. தப்பாகப் பாடிவிடுவோமோ என்று பயப்படும் குழந்தையைப் பாட்டு எந்த வட்டத்துக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

செல்போன் இன்னொரு மாற்று. சென்னையிலிருந்து 2013-ல் கிளம்பிய ஒரு சிறுவர் பாட்டுச் சேனலை உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் பார்க்கிறார்கள். மையத்திலும் பணியாளரின் போனில் அதையே ஓடவிட்டால் சத்தம் அடங்கத்தான் செய்கிறது. ஆனால் திரை, கடைசிச் சொல்லை நிறுத்தி வைத்துக்கொண்டு குழந்தைக்காகக் காத்திருக்காது. அதன் பெயரும் திரைக்குத் தெரியாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். போனில் பாட்டுக் கேட்டு அமைதியான குழந்தைகள் போனை வாங்கியதும் கதை கேட்பதில்லை. போனைக் கேட்டு அழுகின்றன.

கொள்கை அளவில் குறை சொல்ல இடமில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும், அதையொட்டி 2022-ல் வந்த அடித்தள நிலைக்கான பாடத்திட்ட வரைவும் பாட்டு, கதை, வீட்டு மொழி எல்லாவற்றையும் வலியுறுத்துகின்றன. 2023 மே மாதம் மத்திய அரசு 'போஷண் பி, படாயி பி' திட்டத்தை அறிவித்து, அங்கன்வாடிகளில் தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்றது. 2024-ல் 3 முதல் 6 வயதுக்கு 'ஆதார்ஷிலா', 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'நவசேதனா' என்ற பாடத்திட்டங்களும் வந்தன.

இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? அதே பணியாளர்தான் சத்துணவைக் கவனிக்கிறார், எடை போடுகிறார், தடுப்பூசி நாளில் தாய்மார்களைத் திரட்டுகிறார், கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போகிறார். 2021 முதல் போஷண் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். தேர்தல், கணக்கெடுப்பு என்றாலும் அழைப்பு அவருக்குத்தான். சட்டப்படி அவர் 'கௌரவ' ஊழியர். அவருக்கான மத்திய அரசின் மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயானது. அதற்கு மேல் மாநில அரசுகள் அவரவர் சக்திக்கேற்பச் சேர்த்துத் தருகின்றன. எடையைப் பதியாவிட்டால் விளக்கம் கேட்டு அழைப்பு வரும். பாடாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எனவே நெருக்கடி நாளில் முதலில் கைவிடப்படுவது பாட்டு. பாட்டு போனால் கதையும் போகும். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடமாக மையம் சுருங்கிவிடும்.

மீறிப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலைக்கு நடுவில்தான் பாடுகிறார்கள். அரிசி களைந்தபடி, குழந்தைகளுக்குக் கை கழுவிவிட்டபடி. உதவியாளர் அம்மாவின் குரல் நன்றாக இருந்தால் அவரைப் பாடவிட்டுப் பணியாளர் பதிவேட்டை முடிக்கும் இடங்களும் உண்டு. ஏற்பாடு மோசமில்லை, பாடுவதற்குப் பட்டயப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தை சில நாட்களில் பாயின் ஓரத்துக்கு வரும். வட்டத்துக்குள் வராது, கை தட்டாது, வாயையும் திறக்காது. ஒரு வார்த்தை பாடுவதில்லையே என்று பணியாளருக்கு வருத்தமாகக்கூட இருக்கும். அதன் அம்மா ஒருநாள் மையத்துக்கு வந்து, குழந்தை வீட்டில் பாடுகிற பாட்டு எது என்று விசாரிக்கும்போதுதான் தெரியவரும். கொடியில் துணி உலர்த்தும்போதும் ரொட்டி தட்டும்போதும் அம்மாவை எதிரில் உட்காரவைத்து, தொடையில் தாளம் தட்டி, குரலை இறக்கி, கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு கணம் நிறுத்தி, அவள் சொல்லட்டும் என்று அது காத்திருக்கிறதாம்.